கடன் வாங்கிக் கழித்தல்: முதலில் முறையா, புரிதலா?

மூன்றாப்பு அம்மா:
கடன் வாங்காத கழித்தல் என் மகளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கடன் வந்துவிட்டால் தடுமாறுகிறாள். நேற்று 503-லிருந்து 278-ஐக் கழிக்கச் சொன்னால் 375 என்று எழுதுகிறாள். ஒரே முறையைத் திரும்பத் திரும்பப் போட வைக்கலாமா, இல்லை எண்ணைப் புரிய வைத்துவிட்டு முறைக்கு வரலாமா?

பழைய பலகை:
முறைதான் முதலில், அம்மா. 375 எப்படி வந்தது பாருங்கள். 3-லிருந்து 8 போகாது என்றதும் 8-லிருந்து 3-ஐக் கழித்து 5 போட்டிருக்கிறாள். பத்துகளிலும் அதேதான், 7-லிருந்து 0. மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்று பார்க்காமல் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கும் பழக்கம் இது. 'மேலே சிறியதா? பக்கத்து இடத்தில் ஒன்றைக் குறை, இங்கே பத்தைச் சேர்.' தினமும் நாலு கணக்கு போட்டால் கை பழகிவிடும்.

எண்விரும்பி:
ஐயா, இதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பக்கத்து இடத்தில் 0 அல்லவா இருக்கிறது? அதில் எதைக் குறைப்பாள்? இந்த இடத்தில்தான் பிள்ளைகள் ஆளுக்கொரு விதி செய்துகொள்கிறார்கள். சிலர் 0-ஐ 9 ஆக்கிவிட்டு 5-ஐத் தொடாமல் விடுவார்கள், விடை 325. சிலர் ஒன்றுக்கான பத்தையும் நேரே 5-லிருந்தே எடுப்பார்கள், பத்துகளுக்கு மறுபடியும் அதே 5-லிருந்து எடுப்பார்கள், விடை 135. கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. பிரவுன், பர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1978-லேயே இதைக் காட்டிவிட்டார்கள்: கழித்தலில் பிள்ளைகள் செய்யும் தவறுகளில் பல, ஒரு தவறான விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருபவை. அரைகுறை விதியோடு நாலு கணக்கு கூடுதலாகப் போட்டால் அந்தத் தவறுதான் கையில் ஊறும்.

பழைய பலகை:
அப்படியானால் விதியை முழுதாகச் சொல்லிக்கொடுங்கள் என்றுதானே ஆகிறது? புரிதல், புரிதல் என்று 278-லிருந்து 280, 300, 503 என்று தாவவிட்டு 2, 20, 203-ஐக் கூட்டச் சொல்கிறார்கள். 225 வந்துவிடும், சரி. 80241-லிருந்து 36785 என்று கொடுத்துப் பாருங்கள். தாவிய கணக்கை நினைவில் வைப்பதற்குள் பிள்ளை களைத்துவிடும். எந்த எண்ணுக்கும் செல்லும் வழி ஒன்று கையில் இருக்க வேண்டும்.

சமக்கூட்டு:
இடையில் ஒரு வார்த்தை. மேலே 3-ஐ 13 ஆக்குங்கள், கீழே 7-ஐ 8 ஆக்குங்கள். அடுத்து மேலே 0-ஐ 10, கீழே 2-ஐ 3. இரண்டு எண்ணிலும் ஒரே அளவு கூடுவதால் வித்தியாசம் மாறாது. பூஜ்யத்தோடு மல்லுக்கட்டவே வேண்டாம்.

எண்விரும்பி:
வேகமான வழிதான். ஆனால் வித்தியாசம் ஏன் மாறவில்லை என்று தெரியாத பிள்ளைக்கு இதுவும் மந்திரம்தான்.

பழைய பலகை ஐயா, எழுத்து முறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 503 என்பது 5 நூறு மட்டுமில்லை, 50 பத்தும் 3 ஒன்றும்கூட. பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளை எண்ணவிட்டால் அவளே சொல்லிவிடுவாள். அப்புறம் ஒரு கட்டைப் பிரித்தால் மீதி 49 கட்டு, 13 குச்சி. தாளிலும் 50-ஐ மொத்தமாக அடித்து மேலே 49 எழுதட்டும். 13-இல் 8 போனால் 5, 49-இல் 27 போனால் 22. முடிந்தது.

பழைய பலகை:
50-ஐச் சேர்த்து அடிப்பது நல்ல வழி, மறுக்க மாட்டேன். 7002-க்கும் 700 பத்து, 699 என்று செல்லும். ஆனாலும் குச்சியோடு ஒரு மாதம் ஓட்டிவிடாதீர்கள். பிரித்துப் பார்த்த அன்றைக்கே தாளில் எழுத வைக்க வேண்டும், இல்லாவிட்டால் குச்சி தனி, கணக்கு தனி என்றாகிவிடும்.

மூன்றாப்பு அம்மா:
மேலே அடித்து எழுதும் சின்ன எண்களை மனத்திலேயே வைத்துக்கொள்ளச் சொல்லலாமா? தாள் அசிங்கமாகிறது.

எண்விரும்பி:
வேண்டாம், எழுதட்டும். எங்கே தடுமாறினாள் என்று அதைப் பார்த்துத்தான் உங்களுக்குத் தெரியும்.

பழைய பலகை:
இதில் நானும் அவர் பக்கம்தான். விடை வந்ததும் 225-உடன் 278-ஐக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 503 வராவிட்டால் எந்த இடம் பிசகியது என்று அவளே தேடட்டும், நீங்கள் காட்டிவிடாதீர்கள்.