கரண்ட் போன ராத்திரிகள்: உங்களுக்கு நினைவிருப்பது எது?

முன்னறை:

சின்ன வயதில் வீட்டோடு சேர்ந்து அனுபவித்தது என்றால் எனக்கு முதலில் வருவது கரண்ட் போன ராத்திரிகள்தான். விளக்கம் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும். ஃபேன் மெதுவாகச் சுற்றி ஓயும். யாராவது ஒருவர் "எல்லாருக்குமா, நமக்கு மட்டுமா?" என்று ஜன்னலுக்கு ஓடுவார். பக்கத்து வீடும் இருட்டு என்று தெரிந்ததும் ஒரு நிம்மதி.

எனக்கு ஆறு வயது. லாந்தர் ஏற்றியாயிற்று. அப்பா அதிகம் பேசாதவர். ராத்திரி கணக்கு நோட்டோடு உட்கார்ந்தால் நாங்கள் அந்தப் பக்கமே போக மாட்டோம். அன்றைக்கு வெளிச்சம் போதவில்லை. நோட்டை மூடிவிட்டுச் சும்மா இரண்டு கையையும் சேர்த்தார். சுவரில் நாய். சுவர் முழுக்க நாய். காது ஆடுகிறது, வாய் திறந்து மூடுகிறது. அப்புறம் அது ஓட ஆரம்பித்தது. இந்தச் சுவரிலிருந்து மூலை திரும்பி அந்தச் சுவருக்கு, அங்கிருந்து கூரைக்கு. அப்பா உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. நானும் தம்பியும் நாய்க்குப் பின்னாலேயே ஓடினோம்.

கரண்ட் வந்தது. தெரு முழுக்க "ஹோ" என்று ஒரு கத்தல். நாங்களும் கத்தினோம். திரும்பிப் பார்த்தால் அப்பாவின் கை இன்னும் அந்தரத்தில், நாய் மாதிரியே. சுவரில் ஒன்றும் இல்லை. ஒரு நொடி தன் கையையே பார்த்தார். இறக்கினார். நோட்டை எடுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் அவர் நாய் செய்து நான் பார்க்கவில்லை. நாற்பது வருஷம் ஆகிறது. நாங்கள் ஏன் கத்தினோம் என்று இன்னும் மனசில் கிடக்கிறது.


இடிக்குப் பயந்தவள்:

எங்கள் வீட்டில் கரண்ட் மழையோடுதான் போகும். எனக்கு இடி என்றால் உயிர் போய்விடும். அக்கா என்னைப் போர்வைக்குள் இழுத்து எண்ண வைப்பாள். மின்னல் வெட்டியதும் ஒன்று, இரண்டு என்று தொடங்கி, இடி கேட்டதும் நிறுத்தி, மூன்றால் வகுக்க வேண்டும். அத்தனை கிலோமீட்டர் தள்ளி விழுந்திருக்கிறது என்று அர்த்தம். வெளிச்சம் உடனே வந்துவிடும், சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் வரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்திருந்தாள்.

ஒரு ராத்திரி நல்ல மழை. அக்கா எண்ணுகிறாள். ஆறு. அடுத்தது எட்டு. அப்புறம் பதினொன்று. "பாத்தியா, போகுது, போகுது" என்றாள். நான் தூங்கிவிட்டேன்.

இப்போது என் பையனுக்கு இதையே செய்கிறேன். போன மாசம் ஒரு நாள் அவனைக் கட்டிக்கொண்டு எண்ணும்போது என் வாய் தன்னால் வேகமெடுத்தது. ஒன்றுரெண்டுமூன்றுநான்கு என்று விழுந்தடித்து ஓடுகிறது. அப்போதுதான் சுரீர் என்றது. அன்றைக்கு இடி தள்ளிப் போகவே இல்லை. அக்காதான் வேகமாக எண்ணினாள். வரவர இன்னும் வேகமாக.

அவளுக்கு அப்போது பத்து வயது. என் கையைப் பிடித்திருந்த அவள் கை ஈரமாக இருந்தது. நான் அது மழைத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.


அளவுகோல்:

முன்னறை, கோபித்துக்கொள்ள வேண்டாம். நாய் சுவர் முழுக்க இருந்தது, காதும் தெளிவாக ஆடியது என்கிறீர்கள். இரண்டும் ஒன்றாக நடக்காது. நிழலின் அளவு சுலபமான கணக்கு. விளக்கிலிருந்து சுவர் எவ்வளவு தூரமோ அதை, விளக்கிலிருந்து கை எவ்வளவு தூரமோ அதால் வகுக்க வேண்டும். சுவர் மூன்று மீட்டர், கை அரை மீட்டர் என்றால் ஆறு மடங்கு. ஒரு சாண் கை நாலரை அடி நாயாகும். நல்ல நாய்தான், ஆனால் சுவர் முழுக்க வராது. சுவரை நிறைக்க வேண்டுமென்றால் கையை விளக்குக்கு ஒட்டினாற்போல் கொண்டுபோக வேண்டும். அப்போது லாந்தர் சுடரின் அகலமே எமன். சுடரின் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனி நிழல் போடும், விளிம்பு கரைந்துவிடும், காது எது மூக்கு எது என்று தெரியாது.

அதைவிடப் பெரிய சிக்கல் நாய் ஓடியது. கை அசையவில்லை, விளக்கும் மேசை மேல் இருக்கிறது. பிறகு நிழல் எப்படிச் சுவர் விட்டுச் சுவர் போகும்? ஆறு வயது நினைவு, பின்னால் கொஞ்சம் சேர்ந்திருக்கும்.

யாராவது வீட்டில் செய்து பார்ப்பதாக இருந்தால் சில விஷயங்கள். ஒரே விளக்குதான் எரிய வேண்டும், இரண்டு இருந்தால் இரண்டு நிழல் வந்து ஒன்றை ஒன்று கெடுக்கும். லாந்தரில் இருப்பது பட்டைத் திரி. அதன் ஒல்லியான பக்கம் சுவரைப் பார்க்கும்படி விளக்கைத் திருப்பி வையுங்கள், நிழல் சட்டென்று கூர்மையாகும். பலருக்கு இது தெரியாது. திரியை ரொம்ப ஏற்றினால் கண்ணாடி புகை பிடித்துவிடும். குழந்தைகள் இருந்தால் தீயே வேண்டாம், செல்போன் டார்ச் போதும். வெளிச்சம் சின்னப் புள்ளியிலிருந்து வருவதால் அதில் விளிம்பு இன்னும் தெளிவாக விழும். சுவர் வெள்ளையாக, பளபளப்பு இல்லாமல் இருக்க வேண்டும். ஜன்னல் கண்ணாடியைத் துணியால் மூடிவிடுங்கள்.

என் கதை சின்னது. நான் முயல் செய்தேன், தங்கச்சி பயந்து அழுதாள், எனக்கு அடி விழுந்தது.


முன்னறை:

விளக்கு மேசை மேல்தான் இருந்தது. நாய் ஓடியது. நான் அதற்குப் பின்னால் ஓடினேன், முட்டி சிராய்த்துக்கொண்டேன், தழும்பு இருக்கிறது. உங்கள் கணக்கு உங்களோடு.


கடைக்குட்டி:

எனக்கு இரண்டு வயது. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். வெக்கை. இருட்டு. பக்கத்தில் அம்மா ஒரு நோட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருக்கிறாள். காற்று வரும், வரும், மெதுவாகும், நின்றுவிடும். அம்மா தூங்கிவிட்டாள் என்று அர்த்தம். நான் லேசாகப் புரண்டால் போதும், மறுபடி காற்று தொடங்கும். வேண்டுமென்றே புரண்டு பார்த்தது நினைவிருக்கிறது. அவ்வளவுதான். முன்னாலும் ஒன்றும் இல்லை, பின்னாலும் இல்லை. ஆனால் அந்தக் காற்று நின்று நின்று வந்தது மட்டும் நெற்றியில் அப்படியே இருக்கிறது.


அரைத்தூக்கம்:

இரண்டு வயது என்பது சந்தேகம்தான். பெரும்பாலோருக்கு ஆக முந்தைய நினைவே மூன்று, மூன்றரை வயதில்தான் தொடங்குகிறது. அதற்கு முன் நடந்தது பெரும்பாலும் தங்குவதில்லை. யாரோ சொல்லிக் கேட்டது, பல தடவை கேட்டதில் சொந்த நினைவு மாதிரி ஆகிவிட்டது. இது பொய் சொல்வது ஆகாது, மூளை அப்படித்தான் வேலை செய்கிறது. எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியலாளர் 1995இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். 24 பேரிடம், "நீ சின்னதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனாய்" என்று நடக்காத ஒன்றைக் குடும்பத்தார் சொன்னதாகச் சொன்னார்கள். ஏறக்குறைய நாலில் ஒருவர் அதை முழுதாகவோ பாதியாகவோ நினைவு வைத்திருப்பதாக நம்பினார்கள். அதனால் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. கரண்ட் போனால் நான் தூங்கிவிடுவேன். வந்ததும் எழுப்பி, "தூங்கு, கரண்ட் வந்துடுச்சு" என்பார்கள்.


அறுமீன்:

அரைத்தூக்கம், நீங்கள் தூங்கியதால் என்னென்ன தவறவிட்டீர்கள் என்று தெரியாமல் பேசுகிறீர்கள். நாங்கள் மாடிக்குப் போய்விடுவோம். போனதும் வானத்தில் ஒன்றும் பெரிதாக இருக்காது. பாட்டி "பொறு, பொறு" என்பாள். கண் இருட்டுக்கு முழுசாகப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியுமோ. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக முளைக்கும். கடைசியில் கார்த்திகைக் கூட்டம், அறுமீன்.

அதில் எத்தனை நட்சத்திரம் தெரிகிறது என்பதுதான் எங்கள் பந்தயம். நேராகப் பார்த்தால் மங்கலான ஒன்று கண்ணுக்குச் சிக்காது, கொஞ்சம் பக்கத்தில் பார்த்தால் சிக்கும். மங்கிய வெளிச்சத்தை வாங்குவது கண்ணின் நட்ட நடுவில் இல்லை, சுற்றிலும்தான் இருக்கிறது. நான் ஐந்து என்பேன். அண்ணன் ஆறு என்பான். பாட்டி எப்போதும் ஏழு. நான் ஒரு நாள் கஷ்டப்பட்டு ஏழு எண்ணிவிட்டேன். அன்றைக்கு அவள் எட்டு என்றாள். "எங்கே, காட்டு" என்று சண்டை போட்டேன். விரலை நீட்டினாள். விரல் நீண்ட பக்கம் ஒன்றுமே இல்லை, வெறும் இருட்டு. ஏமாற்றுகிறாள் என்று கத்திவிட்டு இறங்கிப் போய்விட்டேன்.

அடுத்த வருஷம் பாட்டிக்குக் கண் ஆபரேஷன் செய்தார்கள். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது, ரொம்ப நாளாகவே எதிரில் நிற்கும் ஆளின் முகம்கூடத் தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னபோது நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.


பழைய போர்வை:

இடிக்குப் பயந்தவள் கவனத்துக்கு. எண்ணி வகுப்பது விளையாட்டாகச் சரி. ஆனால் இடி காதில் கேட்கிறது என்றாலே நாம் மின்னல் விழக்கூடிய தூரத்தில் இருக்கிறோம். வெளியே இருந்தால் உள்ளே வந்துவிட வேண்டும், கடைசி இடி கேட்டு அரை மணி ஆகும்வரை போகக் கூடாது. மரத்தடி கூடவே கூடாது. குளிப்பதையும் தள்ளிப் போடுங்கள்.


இடிக்குப் பயந்தவள்:

நாங்கள் போர்வைக்குள் இருந்தோம்.


அடுப்பங்கரை:

எல்லாவற்றையும் படித்தேன். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி. நீங்களெல்லாம் மாடியில் நட்சத்திரம் எண்ணும்போதும் முன்னறையில் நாய் பின்னால் ஓடும்போதும் அடுப்பு முன்னால் யார் நின்றார்கள்? வீட்டில் ஒரு லாந்தர் என்றால் அது முன்னறைக்குத்தானே போகும்?

நான் ஒரு நாள் விளையாட்டுக்கு நடுவில் தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். சமையலறை கும்மிருட்டு, அடுப்பு வெளிச்சம் மட்டும். அம்மா டார்ச்சைக் கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கொதிக்கிற பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்து வடித்துக்கொண்டிருந்தாள். ஆவி முகத்தில் அடிக்கிறது. முகத்தைத் திருப்ப முடியாது, திருப்பினால் டார்ச் விழும். நான் நிற்பதைப் பார்த்துவிட்டாள். "என்னடி? போய் விளையாடு" என்றாள். போனேன். அதுதான் உறுத்துகிறது. டார்ச்சை வாங்கிப் பிடிக்க எனக்குத் தோன்றவில்லை. எட்டு வயது, பிடித்திருக்கலாம்.

முன்னறை, உங்கள் கதையில் அப்பா இருக்கிறார், தம்பி இருக்கிறான், தெருவே இருக்கிறது. அம்மா எங்கே?


கடைக்குட்டி:

அரைத்தூக்கம் சொன்னாரே என்று அம்மாவிடம் போனில் கேட்டேன். சிரித்தாள். விசிறியது அவள் இல்லையாம். அந்தக் கோடை முழுக்க அவளுக்கு உடம்பு சரியில்லை, வேறு அறையில் படுத்திருந்தாளாம். "உன் அண்ணன்தான் விசிறுவான், அவனோட பழைய கணக்கு நோட்டால" என்றாள். அவனுக்கு அப்போது ஏழு வயது. எனக்கு இரண்டு இல்லையாம், மூன்றே கால். அதுவரைக்கும் அரைத்தூக்கம் ஜெயித்தார், சரி.

ஆனால் இதை அம்மா எனக்கு முன்னால் சொன்னதே இல்லை. காற்று நின்று நின்று வந்தது எனக்குத் தெரிந்ததுதான், யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆளை மட்டும் நானே மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணனும் நானும் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. வேறு விஷயம், இங்கே வேண்டாம்.


அளவுகோல்:

அறுமீன் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். நடுவில் ஒரு தடவை செல்போன் திரையைப் பார்த்தாலும் கண்ணின் பழக்கம் கெட்டுவிடும், மறுபடி காத்திருக்க வேண்டும். வெளிச்சம் தேவைப்பட்டால் மங்கலான சிவப்பு வெளிச்சம் பரவாயில்லை. இதைப் பாட்டி வைத்திருப்பவர்களும் குறித்துக்கொள்ளலாம்.


முன்னறை:

அடுப்பங்கரை கேட்டதிலிருந்து இரண்டு நாளாக இதே யோசனை. அம்மா சமையலறையில் இருந்திருப்பாள் என்று முதலில் பதில் எழுதப் பார்த்தேன். எழுதும்போதே கை நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் அப்போது மேசையே கிடையாது. அப்பா தரையில் உட்கார்ந்து டிரங்குப் பெட்டி மேல் நோட்டை வைத்துத்தான் எழுதுவார். மேசை வந்தது நான் ஏழாவது படிக்கும்போது. அப்படியானால் அளவுகோலிடம் அவ்வளவு உறுதியாகச் சொன்னேனே, அந்த விளக்கு எதன் மேல் இருந்தது?

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். படுத்திருந்தாள். "அம்மா, அப்பா ஒரு தடவை சுவத்துல நாய் காட்டினாரே, ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"ஒரு தடவையா? நீங்க தூங்கினப்புறம்கூட எனக்குக் காட்டுவாரு" என்றாள்.

"அன்னைக்கு விளக்கு எங்கே இருந்துச்சு?"

"என் கையிலதான். அவருக்குப் பின்னால நின்னுட்டு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகத்திக்கிட்டே இருந்தேன். கை கடுத்துப் போச்சு."

"எதுக்கும்மா நகத்தினே?"

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "பின்னே? ஒரே இடத்துல வெச்சிருந்தா நாய் எப்படிடா ஓடும்?"