ஓசி கேம்பிங் போன எடத்துல மறக்க முடியாத ஆளுங்க: உங்க அனுபவத்த சொல்லுங்க

ஃபீனிக்ஸ் பரணி:

ஒரு விஷயம் ரொம்ப நாளா மண்டைய கொடையுது, அதான் இந்த திரேட். கிராண்ட் கேன்யன் சவுத் ரிம் போனோம், பார்க் உள்ள கேம்ப்கிரவுண்ட் ஃபுல், சரி வழக்கம் போல பக்கத்துல டுசாயான் ஊர தாண்டி கைபாப் நேஷனல் ஃபாரஸ்ட்ல 302 ரோட்டுல ஓசிலயே டென்ட் போட்டுக்கலாம்னு போயாச்சு, இங்க பாதி பேருக்கு அந்த ரோடு தெரிஞ்சிருக்கும். ஏற்கனவே யாரோ நெருப்பு போட்டு கல்லு அடுக்கி வச்ச எடம், நானும் வைஃபும் மட்டும்தான், சுத்தி யாரும் இல்ல.

ராத்திரி ரெண்டு மணி வாக்குல ஒரு பிக்கப் வந்துச்சு. டென்ட்ல இருந்து ஒரு நாப்பது அம்பது அடி இருக்கும், அங்க வந்து நின்னு ஹெட்லைட் ஆஃப், எஞ்சின் ஆஃப். யாரும் எறங்கல. வைஃப் கார் சாவிய எடுத்து பேனிக் பட்டன் மேல விரல வச்சிட்டு உக்காந்துட்டா, நான் ஜிப்ப ரெண்டு இன்ச் தொறந்து பாக்கறேன். ரொம்ப நேரம் கழிச்சு வண்டி உள்ள லைட் எரிஞ்சுது. வயசான ஒரு ஆளு, ஸ்டியரிங் மேல பெரிய பேப்பர் மேப்ப விரிச்சு, மூக்கு படற அளவுக்கு குனிஞ்சு ஒரு விரலால கோடு இழுத்துட்டே போறாரு. அப்புறம் அந்த மேப்ப மடிச்சார் பாருங்க, அவசரமே இல்லாம, பழைய மடிப்பு மேலயே ஒவ்வொரு மடிப்பா. மடிச்சு வச்சிட்டு லைட்ட அணைச்சார். திரும்பறதுக்கு அவ்ளோ எடம் இருந்தும் திரும்பல, வந்த வழியே மெயின் ரோடு வரைக்கும் ரிவர்ஸ்லயே போனார்.

அவ்ளோதான், வேற ஒண்ணும் நடக்கல. ஆனா என்ன தேடினார்னு இன்னி வரைக்கும் புரியல. ஏன் ரிவர்ஸ்?

கேட்டி கார்த்தி:

உங்களுக்காவது வண்டில வந்தாங்க, எங்களுக்கு மேல இருந்து வந்துச்சு. ஹூஸ்டன்ல இருந்து சாம் ஹூஸ்டன் நேஷனல் ஃபாரஸ்ட் ஒன்றர மணி நேரம் கூட இல்ல, தேங்க்ஸ்கிவிங் லாங் வீக்கெண்ட், ரெண்டு ஃபேமிலி. கேம்பிங் ஆப்ல வருஷம் பூரா டென்ட் போடலாம்னு போட்டிருந்தான், நாங்க போய் சேரும்போது இருட்டிடுச்சு, டார்ச் அடிச்சு சமதளமா ஒரு எடத்துல டென்ட் போட்டு தூங்கிட்டோம்.

விடியக்காலைல பல்லு தேய்க்க வெளிய வரேன், "மார்னிங்"னு ஒரு குரல். சுத்தி பாத்தா ஆளில்ல. திருப்பியும் "அப் ஹியர்". அண்ணாந்து பாத்தா நேர் மேல மரத்துல சின்னதா ஒரு சீட் கட்டி ஒரு ஆள் உக்காந்திருக்கான், ஆரஞ்சு வெஸ்ட், ஆரஞ்சு தொப்பி, மடில ரைஃபிள். கத்தவே இல்ல. ரொம்ப மரியாதையா, நாலு மணில இருந்து இங்கதான் இருக்கேன், உங்க கூட்டத்துல ஒருத்தர் நல்லா கொறட்ட விடறார், இனிமே இந்த பக்கம் மான் வராது, நான் எறங்கிக்கட்டுமான்னு கேக்கறான். மான் வேட்டை சீசன் முழுக்க கேம்ப்கிரவுண்டுலயோ ஹண்டர் கேம்ப்னு ஒதுக்கின எடத்துலயோதான் டென்ட் போடணுமாம், அதையும் அவன்தான் சொன்னான்.

இதுல என்ன உறுத்துதுன்னா, நாங்க டென்ட்டடிக்கும்போது அந்த சீட் மரத்துல இருந்திருக்கு, ஆறு பெரியவங்க இருந்தோம், ஒருத்தர் கூட மேல பாக்கல. ஆப்புல போய் ரிப்போர்ட் பண்ணேன், ஒண்ணும் மாத்தல.

சுந்தர் ஃப்ரீமான்ட்:

என் அனுபவம் சின்னது. கலிஃபோர்னியாவுல அலபாமா ஹில்ஸ், லோன் பைன் ஊர் பக்கத்துல. முன்னாடி நெனச்ச பாறைக்கு பின்னாடி போய் நிறுத்தலாம், காலைல எழுந்தா மவுண்ட் விட்னி செவப்பா நிக்கும். போன தடவ பொழுது சாயற நேரத்துல ஒரு பொண்ணு யூனிஃபார்ம்ல வந்து பெர்மிட் கேட்டுச்சு. காசு இல்ல, ஆனா பெர்மிட் வேணும், குறிச்சு வச்ச எடத்துலதான் நிக்கணும். அந்த பொண்ணே அஞ்சு நிமிஷத்துல போட்டு குடுத்துச்சு.

எல்லாரும் அடிப்படையா சில விஷயம் தெரிஞ்சுக்கணும், இங்க எழுதறவங்கள பாத்தா தெரியாம போறாங்கன்னு தோணுது. பி.எல்.எம்.னா ஃபெடரல் அரசோட நில இலாகா, அவங்க நிலம் 24 கோடி ஏக்கருக்கு மேல, ஃபாரஸ்ட் சர்வீஸ்கிட்ட 19 கோடி ஏக்கருக்கு மேல இருக்கு. இவ்ளோ இருக்குன்னு எங்க வேணா போடலாம்னு அர்த்தம் இல்ல. ஃபாரஸ்ட்னா எந்த ரோட்டுல வண்டி போலாம்னு காட்டற எம்.வி.யூ.எம். மேப் எடுங்க, ஃப்ரீதான், 2005ல வந்த ரூல்ல இருந்து ஒவ்வொரு ஃபாரஸ்ட்டும் போடறாங்க. ரோட்டு ஓரமா புள்ளி புள்ளியா இருந்தா அங்க வண்டிய எறக்கி கேம்ப் பண்ணலாம், புள்ளி இல்லன்னா பண்ணாதீங்க, ஆப்ல போட்டோ இருக்கு ரிவ்யூ இருக்குன்னு வராதீங்க. பி.எல்.எம்.ல பொதுவா 28 நாளுக்குள்ள 14 நாள், அதுக்கப்புறம் எடத்த காலி பண்ணணும். தண்ணில இருந்து 200 அடி தள்ளி, நடந்து பாத்தா எழுவது ஸ்டெப் எடுத்து வைக்கணும். ரெண்டுக்கு போறதுன்னா 6ல இருந்து 8 இன்ச் ஆழம் தோண்டணும், கிட்டத்தட்ட ஒரு சாண், டிஷ்யூவ திருப்பி எடுத்துட்டு வரணும், ஆமா திருப்பி எடுத்துட்டுதான். யூட்டால மோவாப் பக்கம் தோண்டறதே கெடையாது, டாய்லெட்ட நீங்களே கொண்டு போகணும். கலிஃபோர்னியாவுல கேம்ப்கிரவுண்டுக்கு வெளிய கேஸ் ஸ்டவ் பத்த வைக்கணும்னா கூட கேம்ப்ஃபயர் பெர்மிட் வேணும், ஆன்லைன்ல ஃப்ரீயா எடுக்கலாம், நம்ம ஆளுங்க யாரும் எடுக்கறதில்ல. அரிசோனாவுல ஸ்டேட் டிரஸ்ட் லேண்ட்னு ஒண்ணு இருக்கு, பாக்க பி.எல்.எம். மாதிரியே இருக்கும் ஆனா பப்ளிக் லேண்ட் இல்ல, தனியா காசு கட்டி பெர்மிட் வாங்கணும். நெவாடா, வயோமிங்ல ரயில்வே கம்பெனிங்களுக்கு 1860கள்ல ஒரு மைல் விட்டு ஒரு மைல்னு கட்டம் கட்டமா நிலம் குடுத்துட்டாங்க, அதனால பத்து நிமிஷம் நடந்தா அடுத்தவன் சொத்துல நிப்பீங்க. இதெல்லாம் பாத்துட்டு போனா எந்த பிரச்சனையும் வராது.

டென்வர் தேன்மொழி:

சுந்தர் சார், அனுபவம் அஞ்சு வரி, கிளாஸ் அம்பது வரி. "எந்த பிரச்சனையும் வராது"ங்கறீங்களே, நீங்க சொன்ன அத்தனையும் நாங்க பண்ணோம். யூட்டால காட்டன்வுட் கேன்யன் ரோடு. விசிட்டர் சென்டர்ல கேட்டோம், ரோடு காஞ்சிருக்கு போலாம்னாங்க, அந்த ரோடு போற கிராண்ட் ஸ்டேர்கேஸ் நேஷனல் மான்யுமென்ட் உள்ள ராத்தங்க ஃப்ரீ பெர்மிட் வேணும், அதையும் எடுத்தாச்சு. ரோட்டுல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி, ஏற்கனவே வண்டி நின்ன தடம் இருக்கற எடம்.

ராத்திரி அர மணி நேரம் மழ. அர மணி நேரம்தான். காலைல வெளிய கால் வச்சா அந்த சாம்பக் கலர் மண்ணு ஆட்டுக்கல்லுல அரைச்ச உளுந்து மாவாட்டம் கூடவே எழும்பி வருது, நாலு எட்டு நடந்ததும் ஷூ ஒவ்வொண்ணும் தூக்க முடியாத கனம். வண்டி ஒரு பத்தடி நகந்துச்சு, டயர்ல இருக்கற கோடு எல்லாம் அடைஞ்சு வழவழன்னு ஆயிடுச்சு, அப்படியே பக்கவாட்டுல வழுக்கிட்டு பள்ளத்து பக்கமா போய் நின்னுச்சு. பையனோட க்ராக்ஸ் ஒண்ணு இன்னும் அங்கதான் இருக்கு. போன் சிக்னல் இல்ல. போன்ல சேட்டிலைட் வழியா மெசேஜ் அனுப்பி ஒரு டோயிங் கம்பெனிய பிடிச்சா, காயற வரைக்கும் நாங்களும் வர மாட்டோம்ங்கறான், ரென்டல் கம்பெனி மண் ரோட்டுல போனதே தப்புங்கறான்.

மத்தியானம் ஒரு ஆள் குதிரைல வந்தார். அந்த பக்கத்து மாட்டுக்காரர். எறங்கவே இல்ல. நாலு டயரையும் பாத்தார், வானத்த பாத்தார், "நாளைக்கு பத்து மணிக்கு முன்னாடி தொடாத"ன்னு சொல்லிட்டு போயிட்டார். உதவி பண்ணலயேன்னு அவ்ளோ கோவம் வந்துச்சு எனக்கு. மறுநாள் காலைல எட்டு மணிக்கு எங்க வீட்டுக்காரர் எடுத்தே தீருவேன்னு வண்டிய எடுத்தார், இன்னும் உள்ள போச்சு. பத்தர மணிக்கு அதே வண்டி ஒண்ணுமே நடக்காத மாதிரி ஏறி வந்துச்சு. அவர் ஏன் குதிரைல வந்தார்னு அப்பதான் ஒறைச்சுது.

சுந்தர் ஃப்ரீமான்ட்:

4வீல் டிரைவ் எடுத்திருக்கணும்.

டென்வர் தேன்மொழி:

4வீல் டிரைவ்தான் சார்.

ஸ்காபரோ சுதன்:

நான் கனடாவில இருக்கிறன், இஞ்ச கதை வேற. ஒன்டாரியோவில 87 வீதம் கிரவுன் லேண்ட், அதாவது அரசாங்கக் காணி, இஞ்ச வசிக்கிற ஆக்களெண்டால் ஒரு இடத்தில 21 நாள் மட்டும் காசில்லாமல் தங்கலாம். நாங்கள் ரெண்டு குடும்பம், கயாக்கில சாமானெல்லாம் ஏத்திக்கொண்டு ஒரு குளத்துக்கு அங்கால போய் டென்ட் அடிச்சனாங்கள். அரசாங்கத்தின்ர மேப்பில பார்த்து, ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வச்சிருந்தனான்.

சமைச்சுக்கொண்டு நிக்கேக்க மோட்டர் போட்டில ஒரு மனிசன் வந்தவர். கரைக்கு வரேல்ல, கொஞ்சம் தள்ளி எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு, எழும்பி நிண்டு, போனை எடுத்து எங்களை படம் எடுக்கத் தொடங்கிற்றார். ஒவ்வொருத்தரா. பிள்ளையளையும். இது பிரைவேட் எண்டார். நான் மேப்பைக் காட்டினன். பாக்கேல்ல. "நான் முப்பது வருசமா இந்தக் குளத்தில இருக்கிறன், நீங்கள் எங்கயிருந்து வந்தனீங்கள்" எண்டு கேட்டார். ஸ்காபரோ எண்டு சொன்னன். சிரிச்சார்.

அவர் போனாப்பிறகு என்ர மனிசி சொன்னா, சாமானைக் கட்டுவம் எண்டு. நான் மாட்டன் எண்டிட்டன். இரவு முழுக்க ஆரும் நித்திரை கொள்ளேல்ல, எஞ்சின் சத்தம் கேக்குதோ எண்டு பாத்துக்கொண்டே கிடந்தனாங்கள். சுந்தர் அண்ணை, உங்கட லிஸ்ட் நல்லாத்தான் இருக்கு, நானும் எல்லாம் சரியாத்தான் செய்தனான். அந்தப் படங்கள் இப்ப ஆற்ற போனில கிடக்குதோ தெரியாது.

எடிசன் பாண்டி:

சுதன், படிக்கவே ஒரு மாதிரி இருக்குங்க. நாங்க நியூ ஜெர்சில இருந்து நியூயார்க் ஸ்டேட்ல இருக்கற கேட்ஸ்கில்ஸ் மலைக்குத்தான் போவோம், எங்களுக்கு வந்தது ரேஞ்சர். நியூயார்க் ஸ்டேட் காட்டுல ரோடு, டிரெயில், தண்ணி மூணுல இருந்தும் 150 அடி தள்ளி போடணும், இல்ல மஞ்ச வட்டம் அடிச்ச எடத்துல போடணும். நாங்க ஓடை சத்தம் கேக்குற எடத்துல போட்டுட்டோம், சத்தம் ரொம்ப நல்லாவே கேட்டுச்சு.

ராத்திரி ஒன்பது மணிக்கு டார்ச்சோட வர்றாரு. திட்டல, ஃபைன் போடல, இப்பவே தள்ளுங்கன்னுட்டாரு. ஒருத்தன் உள்ள செம தூக்கம். எழுப்பிப் பாத்தோம், எந்திரிக்கல. ஆணிய மட்டும் உருவிட்டு நாலு மூலைக்கு நாலு பேரு புடிச்சு, டென்ட்ட அவனோட சேத்து தரதரன்னு மேட்டுக்கு இழுத்துட்டு போனோம்யா, அடி பூரா கிழிஞ்சு போச்சு. ரேஞ்சர் முன்னாடி நடந்து லைட் அடிச்சிட்டே வழி காட்டறாரு, சிரிக்கவே இல்ல அந்த மனுசன். காலைல அவன் எந்திரிச்சு ஓடை எங்கடான்னான். இன்னைக்கும் நம்ப மாட்டேங்கறான். வீடியோ எடுக்காம விட்டதுதான் ஒரே வருத்தம்.

சுந்தர் ஃப்ரீமான்ட்:

கேட்ஸ்கில்ஸ்ல 3,500 அடிக்கு மேல குளிர்காலம் தவிர கேம்ப் பண்ணக் கூடாது, பத்து பேரு சேர்ந்தா பெர்மிட் வேணும். அதையும் சேத்துக்கறேன்.

எடிசன் பாண்டி:

அண்ணே நாங்க அஞ்சு பேரு.

பொள்ளாச்சிக்காரன்:

நான் அரிசோனாவுல டூசான்ல இருக்கறனுங்க. ஊர்ல எங்க வீட்டுல எப்பவும் பத்து உருப்படி நிக்கும், அதனால மாட்ட கண்டு பயமெல்லாம் இல்ல. பி.எல்.எம். நிலம், பொட்டக்காடு, ஒரே ஒரு தகரத் தொட்டி, பக்கத்துல தண்ணி எறைக்கற காத்தாடி. காத்துக்கு மறைவா இருக்கட்டும்னு தொட்டி ஓரமாவே டென்ட்டு போட்டு, காரையும் குறுக்க நிறுத்தியாச்சு.

இருட்டினதுக்கப்புறம் ஒவ்வொண்ணா வந்துச்சுங்க. கருப்பு மாடு, கன்னுக்குட்டியெல்லாம் சேத்து ஒரு இருவது முப்பது இருக்கும். சுத்தி நின்னுட்டு நகர மாட்டேங்குது. நானும் வெளிய வந்து ஊர்ல ஓட்டற மாதிரியே "ஹோய், ஹே"ன்னு கை வீசிப் பாத்தேன், ரெண்டடி பின்னால போயி மறுபடி நிக்குது. ஒண்ணு காரோட பம்பர நக்கிக்கிட்டே இருந்துச்சு. விடிய விடிய கத்தல். வைஃப் என்ன பாத்து, நீங்க மாட்டுக்காரரு பையன்னு வெளிய சொல்லிராதீங்கன்னா.

காலைல ஒரு கெழவரு பிக்கப்ல வந்தாருங்க. திட்டுவாருன்னு நெனச்சேன். தொட்டியக் காட்டி ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு, இதுங்க நேத்து சாயங்காலத்துல இருந்து தண்ணி குடிக்கலன்னு. எங்க ஐயன் இருந்திருந்தா செவுள்ளயே விட்டிருப்பாரு. கார எடுத்த அடுத்த நிமிஷம் மொத்தமும் தொட்டில வாய வச்சுதுங்க, அந்த உறிஞ்சற சத்தம் இருக்கே.

சுந்தர் ஃப்ரீமான்ட்:

அரிசோனால இதுக்கு சட்டமே இருக்கு. பக்கத்துல வேற தண்ணி இல்லாத எடத்துல, மாட்டையோ காட்டு மிருகத்தையோ குடிக்க விடாம மறைக்கற மாதிரி தொட்டிக்கோ குட்டைக்கோ கால் மைலுக்குள்ள கேம்ப் போடக் கூடாது. 17-308னு தேடுங்க.

டென்வர் தேன்மொழி:

சார், நீங்க போட்டதுலயே இதுதான் உருப்படியான போஸ்ட். நாலு வரிதான் இருக்கு பாருங்க.

கேட்டி கார்த்தி:

சுந்தர் சார், டெக்சாஸுக்கு இப்படி ஏதாவது சட்டம் இருந்தா போடுங்க, ஸ்பிரிங் பிரேக்குக்கு திருப்பியும் போறோம். சீசன் செக் பண்ணியாச்சு, இந்த தடவ பகல்லயே போய் சேந்துருவோம்.