2/19 பட்டாலியன் ஆண்டர்சன்: பக்ரியிலேயே லாரிகளை விட்டிருக்கலாமா?

பழைய_வரைபடம்: லெப்டினன்ட் கர்னல் சார்ல்ஸ் ஆண்டர்சன் ஆஸ்திரேலிய 2/19 பட்டாலியன் பொறுப்புக்கு வந்தது 1941 ஆகஸ்டில். அடுத்த ஜனவரியில், மலாயாவில் ஜப்பானியரோடு நடந்த மூவார் போரில் ஒரு பிரிகேடையே (பல பட்டாலியன்கள் சேர்ந்த படை) நடத்துகிறார். இது எப்படி? இன்னொன்று: சண்டை நடந்த பக்ரியிலிருந்து, பின்வாங்கும் வழியில் பாலம் இருந்த பாரிட் சூலோங் சுமார் 24 கிலோமீட்டர்தான். லாரிகளைப் போட்டுவிட்டுக் காட்டுக்குள் இறங்கியிருந்தால் முன்னாடியே தப்பியிருக்கலாமே?

மூவார்க்கரை: முதல் கேள்விக்குப் பதில் ஒரு குண்டு. ஜனவரி 19 அன்று 45ஆவது இந்தியப் பிரிகேட் தலைமையகத்தின் மேல் அது விழுந்ததில் அதிகாரிகள் பெரும்பாலோர் இறந்துபோனார்கள். பிரிகேட் தலைவர் பிரிகேடியர் டங்கன் அதிர்ச்சியில் தற்காலிகமாகச் செயலிழந்தார். அங்கிருந்த இன்னொரு ஆஸ்திரேலியப் படையான 2/29 பட்டாலியனின் கமாண்டர் ராபர்ட்சனும் இறந்திருந்தார். உதவிக்கு ஜெமாலுவாங்கிலிருந்து வந்து சேர்ந்த ஆண்டர்சன் தலையில் எல்லாம் விழுந்தது.

ஆள் புதியவர் இல்லை. கேப் டவுனில் 1897இல் பிறந்து கென்யாவில் வளர்ந்தவர். முதல் உலகப் போரில் கிழக்கு ஆப்பிரிக்கப் புதர்க்காடுகளில் கிங்ஸ் ஆப்பிரிக்கன் ரைஃபிள்ஸ் படையோடு சண்டையிட்டு மிலிட்டரி கிராஸ் பதக்கம் வாங்கியவர். 1934இல்தான் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார். மலாயாவில் பட்டாலியனுக்குக் காட்டுச் சண்டை பழக்கியதும் அவர்தான்.

தடையரண்: இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். லாரிகளில் இருந்தது சாமான் இல்லை, காயம்பட்டவர்கள். ஸ்ட்ரெச்சரில் கிடப்பவரைச் சதுப்பு நிலத்தில் தூக்கிப் போக நாலு பேர் வேண்டும், அந்த நாலு பேரும் சண்டையிட முடியாது. 25 பவுண்டர் பீரங்கிகளும் ரோட்டில்தான் நகரும்.

தாமதத்துக்கு இன்னொரு காரணம், துண்டிக்கப்பட்ட 2/29 ஆட்களும் இந்தியப் பிரிகேடின் ஜாட் பட்டாலியனும் வந்து சேரட்டும் என்று 19ஆம் தேதி காத்திருந்தது. அதற்குள் ஜப்பானியர் பின்னால் இருந்த வண்டிப் பிரிவைத் தாக்கிப் பாதையை அடைத்துவிட்டார்கள்.

20ஆம் தேதி காலை பாரிட் சூலோங் நோக்கிப் பின்வாங்கும் நடை தொடங்கியது. முன்னே சண்டைக் கம்பெனிகள், நடுவில் வண்டிகள், பின்னே காவல். ஜப்பானியர் ரோட்டின் குறுக்கே மரத்தை வெட்டிப் போட்டு இயந்திரத் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பார்கள். இருபுறமும் சதுப்பு, சுற்றிப் போவது கஷ்டம். நேரடித் தாக்குதல், துப்பாக்கி முனைக் கத்தி, கோடாலியால் மரத்தை வெட்டி வழி விடுதல். இது திரும்பத் திரும்ப. ஒரு தடையில் ஆண்டர்சனே கையெறி குண்டும் பிஸ்டலுமாக முன்னால் போனார். கர்னல் செய்ய வேண்டிய வேலையா என்றால் இல்லை. ஆனால் அந்த இடத்தில் வரிசை நின்றுவிட்டால் பின்னாலிருந்து அடி விழும். பின்காவலை நடத்திய டங்கன் அன்றே எதிர்த்தாக்குதலில் இறந்தார்.

பழைய_வரைபடம்: சரி, பாரிட் சூலோங் பாலம் ஆண்டர்சன் தரப்பின் கையில் இருந்ததுதானே?

தடையரண்: இருந்தது. காவலுக்கு இருந்த பிரிட்டிஷ் நார்ஃபோக் படையினர் தொடர்பு அறுந்து விலகிவிட்டார்கள். 21ஆம் தேதி வரிசை வந்து சேர்ந்தபோது பாலம் ஜப்பானியரிடம். மோசமாகக் காயம்பட்டவர்களை மட்டும் ஆம்புலன்ஸில் விடச் சொல்லி ஆண்டர்சன் கேட்டார், சரணடைந்தால்தான் என்றார்கள். மறுத்தார். அந்த ஆம்புலன்ஸ்கள் இரண்டையும் பாலத்திலேயே நிற்க வைத்தார்கள். இருட்டியதும், தானும் காயம்பட்டிருந்த ஒரு லெப்டினன்ட்டும் டிரைவரும் பிரேக்கைத் தளர்த்திச் சத்தமில்லாமல் பின்னோக்கி உருளவிட்டார்கள். கீழே வந்ததும் இன்ஜினைப் போட்டுச் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே திரும்பினார்கள்.

விடியலில் விமானம் உணவும் மார்ஃபினும் போடும் என்பதை வயர்லெஸ்ஸில் ஜப்பானியருக்குப் புரியாமல் சொல்ல, 'குருவி குசுவிடும் நேரத்தில் மேலே பார்' என்ற பொருளில் ஆஸ்திரேலியப் பட்டாளக் கொச்சையில் அனுப்பினார்கள்!

22ஆம் தேதி காலை பீரங்கிகளையும் வண்டிகளையும் அழித்துவிட்டு, நடக்க முடிந்தவர்களைக் காடு வழியே கலைந்து போகச் சொன்னார் ஆண்டர்சன். சுமார் 500 ஆஸ்திரேலியரும் 400 இந்தியரும் யோங் பெங் பக்கம் சேர்ந்தார்கள். விட்டுவந்த காயம்பட்டவர்களை, இந்தியர்கள் உள்பட, ஜப்பானியர் கொன்றார்கள். அதற்காக ஜப்பானிய ஜெனரல் நிஷிமுரா 1951இல் மானுஸ் தீவில் தூக்கிலிடப்பட்டார். ஆக, நீங்கள் சொன்ன வழியை அவர் கடைசியில் எடுத்தார். அதன் விலை இது.

மூவார்க்கரை: ஆண்டர்சனுக்கு விக்டோரியா கிராஸ் (பிரிட்டிஷ் உயர் வீர விருது) அறிவிப்பு 1942 பிப்ரவரி 13இல் வந்தது. இரண்டே நாளில் சிங்கப்பூர் விழ, அவரும் கைதி; பர்மா ரயில்பாதையிலும் கைதிகள் குழு ஒன்றுக்குத் தலைமை அவரே. பிறகு ஆஸ்திரேலியாவில் ஹியூம் தொகுதி எம்.பி. ஆனார்.

தேடும்போது இரண்டாம் உலகப் போர்ப் படை என்பதைக் காட்டும் '2/' ஐ விட்டுவிடாதீர்கள். வெறும் 19ஆவது பட்டாலியன் என்று போட்டால் முதல் உலகப் போர்ப் படைதான் வரும்.