16 வயது மகனுக்குப் பழைய சின்ன பிக்கப்: எதை எடுப்பது?

வணக்கம். இருப்பது மிச்சிகன், பட்ஜெட் 9,000 டாலர். பின்பக்கம் காலியாக ஓடும் ரியர் வீல் பிக்கப், பனியில் எளிதில் வால் வீசும். புது ஓட்டுநருக்கு அது ஆபத்து. அதனால் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் (வண்டி சறுக்கினால் தானாகவே பிரேக் போட்டு நிலைப்படுத்தும் வசதி) இல்லாததைத் தொடுவதாக இல்லை. ஃபோர்டு ரேஞ்சரில் 2010, டொயோட்டா டகோமாவில் 2009 மாடல் முதல்தான் அது எல்லா வண்டியிலும் வருகிறது. தேடியதில் மிஞ்சியது இரண்டே.

2009 டகோமா, 2.7 லிட்டர், 1,48,000 மைல். எஞ்சின் அருமை. ஆனால் சாலை உப்பு சேஸியைத் தின்றிருக்கிறது. சுத்தியலால் தட்டினால், பின் லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் மட்டும் மந்தமான சத்தம், செதிலாகவும் உதிர்கிறது. ஓட்டை இல்லை.

2010 ரேஞ்சர், 2.3 லிட்டர், ஆட்டோமேட்டிக், 1,12,000 மைல். சேஸி சுத்தம். எஞ்சின் சூடானபின் 2-ஆம் கியரிலிருந்து 3-க்கு மாறும்போது ஆர்.பி.எம். (எஞ்சின் சுழலும் வேகம்) ஒரு நொடி எகிறுகிறது. கியர் ஆயில் மாற்றியதற்கு ரசீது இல்லை.

வி.ஐ.என். (வண்டியின் அடையாள எண்) போட்டு ரீகால் (குறையைச் சரிசெய்யக் கம்பெனி திரும்ப அழைப்பது) பார்த்தாயிற்று, பாக்கி எதுவுமில்லை. ஸ்கேனரில் பழுதுக் குறியீடும் இல்லை. இன்சூரன்ஸ் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மெக்கானிக்குகள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இந்த வார இறுதிக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

அந்த 2-3 எகிறல் கியர் ஆயில், வால்வ் பாடி (கியர் மாற ஆயிலைத் திருப்பிவிடும் பகுதி) வேலையோடு சரியாகிவிடுமா, இல்லை கியர்பாக்ஸையே பிரிக்க வேண்டியிருக்குமா?