விபிஎன் பேட்டன்ட் செல்லாது என்று அமெரிக்க கோர்ட்டில் வாதாட பழைய ஆர்எஃப்சி போதுமா?

டனல்வாசி:
டெக்சஸ் கிழக்கு மாவட்ட கோர்ட்டில் எங்கள் மேல் பேட்டன்ட் மீறல் வழக்கு. பேட்டன்ட் மனு 2001 மார்ச். காலாவதியானாலும் ஆறு வருடப் பின்பாக்கி நஷ்டஈடு கேட்கிறார்கள். 1998 நவம்பரில் வந்த ஆர்எஃப்சி 2401 (இணையத் தொழில்நுட்ப விதிகளைச் சொல்லும் பொது ஆவண வரிசையில் ஒன்று) அதே டனலிங்கை, அதாவது தரவை இன்னொரு உறைக்குள் பூட்டி அனுப்பும் முறையைச் சொல்கிறது. அதற்கும் முன்பே விற்ற ஒரு ரூட்டரும் இருக்கிறது. கோர்ட்டிலேயே மோதுவதா, பேட்டன்ட் அலுவலகத்தில் ஐபிஆர் (கொடுத்த பேட்டன்டை மறுபரிசீலனை செய்யக் கேட்கும் மனு) போடுவதா?

கேட்வே_மணி:
கோர்ட்டில் சுமை அதிகம். பேட்டன்ட் செல்லும் என்றே சட்டம் தொடங்குகிறது. அதை உடைக்கத் தெளிவான, ஐயத்துக்கு இடம்தராத சான்று வேண்டும் (மைக்ரோசாஃப்ட் - ஐ4ஐ, 2011). ஐபிஆரில் தராசு உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்தாலே போதும். ஆனால் அங்கே பேட்டன்ட்களும் அச்சு வெளியீடுகளும் மட்டுமே அடிப்படை. ரூட்டரை அங்கே நிறுத்த முடியாது, அதன் மேனுவல் பொதுவில் கிடைத்தது என்று காட்டினால் அதை வைக்கலாம். வழக்கு மனு கையில் கிடைத்த நாளிலிருந்து ஓராண்டுதான் கெடு. இறுதித் தீர்ப்பில் தோற்றால், அங்கே எழுப்பிய, எழுப்பியிருக்கக்கூடிய வாதங்களை கோர்ட்டில் மறுபடி எடுக்க விடமாட்டார்கள். மனு போடும் முன், பேட்டன்ட் கொடுக்கும்போது அலுவலகம் நடத்திய பரிசீலனையின் கோப்பைப் புரட்டுங்கள். எக்ஸாமினர் ஏற்கெனவே 2401-ஐப் பார்த்திருந்தால், அதே காரணத்துக்காக ஐபிஆரை விசாரிக்கும் வாரியம் மனுவை ஏற்காமல் போகலாம்.

லேயர்த்ரீ:
தேதியை அசட்டை செய்யாதீர்கள். 2401 அச்சு வெளியீடே அல்ல என்று, விபிஎன் பேட்டன்ட்கள் வைத்திருக்கும் விர்னெட்எக்ஸ் நிறுவனம் வாதாடியது. முந்தைய வழக்கில் முடிந்த கேள்வியைக் கிளற முடியாது என்று பேட்டன்ட் மேல்முறையீட்டு கோர்ட்டான ஃபெடரல் சர்க்யூட் 2018-இல் தள்ளியது. அது விர்னெட்எக்ஸை மட்டுமே கட்டும்; உங்கள் வழக்கில் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். முதல் பக்கத்தில் அச்சான மாதம் தனியாக நிற்காது. ஆவணக் காப்பாளரின் பிரமாணப் பத்திரம் வாங்குங்கள்: எந்த நாளில் வெளியானது, யார் வேண்டுமானாலும் எப்படி இறக்கிக்கொள்ள முடிந்தது. ஆர்எஃப்சி ஆவதற்கு முந்தைய இன்டர்நெட்-டிராஃப்டை நம்பினால் இன்னும் கவனம், அது ஆறு மாதத்தில் காலாவதியாகும் வரைவு என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும்.

கேட்வே_மணி:
கிளெய்ம் சார்ட்டில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள்; பேட்டன்ட் உரிமை கோரும் வாசகத்தை (கிளெய்ம்) பழைய ஆவணத்தோடு உறுப்பு உறுப்பாக ஒப்பிடும் அட்டவணை அது. புதுமை இல்லை என்று வெல்ல, கிளெய்மின் ஒவ்வொரு உறுப்பும் ஒரே ஆவணத்தில், அதே அமைப்பில் இருக்க வேண்டும். உதாரணமாக, டிஎன்எஸ் கோரிக்கை (தளப் பெயருக்கான முகவரியைக் கேட்பது) வந்ததும் தானாக டனல் திறக்கும் என்று கிளெய்ம் சொன்னால், 2401 தனியாகப் போதாது; வேறு ஆவணத்தைச் சேர்த்து, வெளிப்படையானது என்று வாதாட வேண்டியிருக்கும். சேர்ப்பதற்குக் காரணமும் காட்ட வேண்டும். இஎஸ்பி (தரவை மறைகுறியாக்கும் முறை), ஐகேஇ (சாவி பரிமாறும் முறை) பற்றிய விவரம்தான் தேவை என்றால் சுலபம்: அவற்றைச் சொல்லும் ஆர்எஃப்சி 2406, 2409-ஐ 2401-ஏ பெயர் சொல்லிச் சுட்டுகிறது.

இன்னொன்று, மீறல் குற்றச்சாட்டில் கிளெய்முக்கு அவர்கள் எவ்வளவு அகலமான பொருள் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அதே பொருளை ஆர்எஃப்சி மேல் வைத்து வரி வரியாகப் பொருத்துங்கள். உங்கள் கருவியை மீறலில் பிடிக்க நீட்டிய சொல், 1998 ஆவணத்துக்கும் நீளும்.