டிகப்ளிங் கெபாசிட்டருக்குத் தமிழில் ‘அண்டைத் தேக்கி’?

வணக்கம். சில்லுக்கு (chip) மின்சாரம் தடுமாறாமல் கிடைக்க அதன் பக்கத்திலேயே வைக்கும் மின்தேக்கிதான் டிகப்ளிங் கெபாசிட்டர். அதற்கு ‘அண்டைத் தேக்கி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்; அதையொட்டி எழும் கேள்விகளுக்குப் பதில் இது.

> கப்ளிங் ‘பிணைப்பு’ என்றால் டிகப்ளிங் ‘பிணைப்பு நீக்கம்’. ‘பிணைப்புநீக்கி மின்தேக்கி’ போதுமே?

இலக்கணப்படி சரி. ஆனால் படிக்கிற மாணவர் இதை ஏதோ சுவிட்ச் என்று நினைத்துக்கொள்வார். இந்த உறுப்பு எதையும் கழற்றிவிடுவதில்லை.

அது செய்யும் வேலையைப் பாருங்கள். சில்லுக்குள் ஏராளமான டிரான்சிஸ்டர்கள் ஒரே நேரத்தில் நிலை மாறும்போது, சில நானோநொடிக்குள் மின்னோட்டம் எகிறும். மின்வழங்கியோ மின்சுற்றுப் பலகையின் மறுகோடியில். இடையிலுள்ள செம்புத் தடத்துக்குத் தூண்டல் உண்டு. அது மின்னோட்டத்தைச் சட்டென ஏறவிடாது. அதற்குள் சில்லில் மின்னழுத்தம் சரிந்து, கணக்கு தப்பும் அல்லது ரீசெட் ஆகிவிடும். அந்த நேரத்தில் கைகொடுப்பது சில்லின் மின்முனையை ஒட்டி வைக்கும் 0.1 மைக்ரோஃபாரட் பீங்கான் மின்தேக்கி. ஊர்த் தொட்டி நிரம்பியிருந்தாலும் அடுப்படியில் நிற்பவருக்குக் கைக்கெட்டுவது குடத்துத் தண்ணீர்தானே.

இதையே தள்ளி வைத்தால் தடத்தின் தூண்டல் மறுபடி குறுக்கே வந்துவிடும், வைத்தும் பயனில்லை. அதனால்தான் ‘அண்டைத் தேக்கி’ என்கிறேன். எங்கே வைக்கவேண்டும் என்பது பெயரிலேயே இருக்கிறது.

> பலகையின் நுழைவில் இருக்கும் 100 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கியை என்ன சொல்வது? அதுவும் டிகப்ளிங்தானே?

நல்ல கேள்வி. அதற்குப் ‘பெருந்தேக்கி’ என்று தனிப்பெயர் வைத்துவிடலாம், ஏனென்றால் ஆளே வேறு. அலுமினியத் தாளின்மேல் வளர்த்த ஆக்சைடுதான் அதில் மின்காப்பு. வோல்ட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை நானோமீட்டர் தடிமன். இடைவெளி குறையக் குறையத் தேக்குதிறன் கூடும், அதனால்தான் அத்தனை சிறிய குப்பியில் அவ்வளவு மதிப்பு. ஆனால் மறுபக்கத் தகடாக நிற்பது மின்பகுளி; அதன் மின்தடையால் நானோநொடி வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. முனை மாற்றிப் போட்டால் ஆக்சைடு சிதைந்து, வாயு சேர்ந்து, தலை உப்பும். குப்பியின் தலையில் இருக்கும் கீறல், அது வெடிக்காமல் அங்கே பிளந்து வாயுவை விடுவதற்குத்தான்.

மின்வழங்கித் தடத்தில் வரும் ‘பைபாஸ்’ கெபாசிட்டர் என்பதும் பெரும்பாலும் சில்லை ஒட்டி வைக்கும் அதே சிறு மின்தேக்கிதான். அங்கும் அண்டைத் தேக்கி பொருந்தும். பெருக்கியில் வரும் எமிட்டர் பைபாஸ் வேறு கதை, அதைத் தனி இழையில் பேசுவோம்.

மின்தேக்கியை இலங்கை நண்பர்கள் கொள்ளளவி என்கிறார்கள். ‘அண்டைக் கொள்ளளவி’யும் இடறாமல்தான் வருகிறது.

மின்னணு உதிரிபாகக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் போய் இந்தச் சொல்லைக் கேட்காதீர்கள், அது தனி உலகம்! அங்கே எல்லாமே கண்டென்சர்தான். 0.1 மைக்ரோஃபாரட் அண்டைத் தேக்கிக்கு ‘நூத்திநாலு’ என்றால் எடுத்துத் தருவார்கள்: 104, அதாவது 10-க்குப் பின்னால் நான்கு சுழியம், பிக்கோஃபாரட்டில்.

மாற்றுச் சொல் தருபவர்கள் தனிச்சொல்லாகத் தராமல், கீழ்க்காணும் வாக்கியத்தில் பொருத்திக் காட்டுங்கள்:

“ஒவ்வொரு சில்லின் மின்முனைக்கும் ஓர் அண்டைத் தேக்கி, பலகையின் நுழைவில் ஒரு பெருந்தேக்கி.”