1024-ஐத் தாண்டாத திரை: லினக்ஸில் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பழையபெட்டி எழுதியது:

இரண்டு ராத்திரித் தூக்கம் போன கதை இது. அக்கா மகள் பிளஸ் டூ வந்துவிட்டாள், பைத்தான் எழுதிப் பழகக் கணினி வேண்டும் என்றாள். ஓர் அலுவலகத்தில் கழித்துக்கட்டிய மேசைக்கணினி மலிவாகக் கிடைத்தது. இன்டெல்லின் நான்காம் தலைமுறைச் செயலி, தனி கிராஃபிக்ஸ் அட்டை கிடையாது. மானிட்டர் மட்டும் புதிது, 22 அங்குலம், 1920×1080. கேபிள் கணினியோடு சேர்ந்து வந்த பழைய விஜிஏ கேபிள். அந்தக் கேபிளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டேன். எல்லாம் ஓடியது, ஆனால் திரையில் இருந்த ஒவ்வொன்றும் பக்கவாட்டில் ஊதிப்போயிருந்தது. வட்டமான ஐகான்கள் கோழிமுட்டை மாதிரி. அமைப்புகளில் டிஸ்பிளே பகுதியைத் திறந்தால் அதிகபட்சமே 1024×768 தான். அதற்குக் கீழே 800×600, 848×480, 640×480. 1920 என்ற பேச்சே இல்லை.

தேடினால் எல்லாரும் சொல்வது ஒரே மருந்து. முதலில் டெர்மினலில் சிவிடி என்ற கட்டளைக்கு 1920 1080 60 என்று கொடுத்தால் ‘மோட்லைன்’ என்று ஒரு நீளமான எண் வரிசை வரும், படத்தின் அளவும் வேகமும் அதில் அடக்கம். எனக்கு வந்தது 173.00 என்று தொடங்கியது. அதை எக்ஸ்ரேண்டர் என்ற திரை அமைக்கும் கட்டளைக்கு நியூமோட் என்று கொடுத்து, ஆட்மோட் என்று மானிட்டரோடு சேர்த்து, கடைசியில் அவுட்புட், மோட் என்று மாற்ற வேண்டும். நான் பார்த்த குறிப்பு பழையது போலிருக்கிறது, அதில் ‘விஜிஏ1’ என்று இருந்தது. அப்படியே அடித்தேன், அப்படி ஒரு அவுட்புட்டே இல்லை என்று பிழை வந்தது. அரை மணி நேரம் முட்டிக்கொண்ட பிறகுதான் என் கணினியில் அதன் பெயர் நடுவில் கோடு போட்ட ‘விஜிஏ-1’ என்று தெரிந்தது. பழைய இன்டெல் டிரைவர் (கிராஃபிக்ஸை இயக்கும் மென்பொருள்) கோடு இல்லாமல் பெயர் வைக்கும், இப்போதைய பொது டிரைவர் கோடு போட்டு வைக்கும். ஆகவே முதலில் எக்ஸ்ரேண்டரை வெறுமனே ஓட்டி, அது என்ன பெயர் சொல்கிறதோ அதையே எழுதுங்கள்.

சரி, 1920 வந்தது. படம் வலது பக்கம் கொஞ்சம் நகர்ந்திருந்தது, மானிட்டரின் ஆட்டோ பொத்தானை அழுத்தியதும் நேரானது. சந்தோஷமாகப் படுத்தேன். காலையில் போட்டால் மறுபடியும் கோழிமுட்டை. அந்தக் கட்டளைகள் அந்த ஒரு அமர்வுக்கு மட்டும்தானாம். வீட்டுக் கோப்புறையில் எக்ஸ்புரொஃபைல் என்ற மறைகோப்பில் மூன்று வரிகளையும் எழுதிவைத்தேன். அதற்கு அப்புறம் ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் திரை ஒரு தடவை இருண்டு, பிறகு சரியாகும். அக்கா மகள் “மாமா, இது கண் சிமிட்டுது” என்றாள்.

அந்தச் சிமிட்டல்தான் உறுத்தியது. மற்றவர்களுக்குத் தானாக வருவது எனக்கு ஏன் வரவில்லை? மானிட்டர் தன்னைப் பற்றிய விவரங்களை 128 பைட் கொண்ட ஒரு சிறிய அட்டையாக வைத்திருக்கும், பெயர் இடிஐடி. நான் யார், என் அளவு என்ன, எந்த ரெசல்யூஷன் எனக்கு உகந்தது என்றெல்லாம் அதில் இருக்கும். கணினி அதைக் கேட்டு வாங்கித்தான் பட்டியல் போடுகிறது. அட்டை வரவில்லையென்றால், எந்த மானிட்டரும் தாங்கும் என்று நம்பி 1024×768 வரை மட்டும் காட்டிவிட்டு நின்றுகொள்ளும். சிஸ், கிளாஸ், டிஆர்எம் என்று கோப்புறைகளுக்குள் இறங்கினால் ஒவ்வொரு இணைப்புக்கும் இடிஐடி என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதை எத்தனை பைட் என்று எண்ணிப் பார்த்தேன். பூஜ்யம்!

அப்போதுதான் கேபிளைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். விஜிஏ முனையில் ஐந்தைந்தாக மூன்று வரிசை, மொத்தம் 15 ஊசி. கடைசி வரிசையில் 12-ம் 15-ம் தான் இடிஐடி போய்வரும் வழி. என் கேபிளில் அந்த இரண்டு இடமும் வெறும் ஓட்டை. உடைந்தது இல்லை, செய்யும்போதே வைக்கவில்லை. சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் தனித்தனி ஊசியில் போவதால் படம் மட்டும் பழுதில்லாமல் வந்துகொண்டிருந்தது. ஒன்று சொல்லிவிடுகிறேன், 9-வது ஊசி இல்லாத கேபிள் நிறைய உண்டு. அதைப் பார்த்துப் பயந்து கேபிளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

உங்கள் கதைகளையும் எழுதுங்கள். எனக்குக் கேபிள், உங்களுக்கு எது?

கணக்கு டீச்சர் எழுதியது:

எனக்குக் கேபிள் இல்லை, என் சொந்தக் கை. பள்ளி ஆய்வகத்தில் ஒரு கணினிக்கு லினக்ஸ் போடும்போது பென்டிரைவிலிருந்து எழும்பாமல் கறுப்புத் திரையாகவே நின்றது. ஒரு மாணவன் தேடிப் பார்த்து, துவக்க வரியில் ‘நோமோட்செட்’ என்று சேர்க்கச் சொன்னான். சேர்த்தேன், எழும்பியது, நிறுவினேன், மறந்துவிட்டேன். நிறுவல் முடிந்த பிறகும் அந்தச் சொல் கிரப் என்ற துவக்க நிரலின் அமைப்பில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அந்தச் சொல் இருக்கும் வரை லினக்ஸின் மையமான கர்னல் கிராஃபிக்ஸ் டிரைவரிடம் வேலையை ஒப்படைக்காது. பயாஸ் கொடுத்த ஏதோ ஒரு திரையை வைத்தே ஓட்டும். எக்ஸ்ரேண்டரை ஓட்டினால் விஜிஏ, எச்டிஎம்ஐ என்று எதுவும் வராமல் ‘டிஃபால்ட்’ என்று ஒரே ஒரு பெயர் வரும், கூடவே காமா அளவு கிடைக்கவில்லை என்று ஒரு புலம்பல். இந்த இரண்டையும் கண்டால் மோட்லைன் பக்கமே போகாதீர்கள், அங்கே உங்கள் மோட்லைனை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. நான் போய் ஒரு மதியம் முழுக்க வீணாக்கினேன்.

புராக் கோப்புறையில் உள்ள சிஎம்டிலைன் கோப்பைப் பார்த்தால் கணினி எந்தச் சொற்களோடு எழும்பியது என்று தெரியும். எட்சி, டிஃபால்ட், கிரப் என்ற கோப்பில் அந்தச் சொல்லை அழித்துவிட்டு அப்டேட்-கிரப் ஓட்டி மறுதொடக்கம் செய்தேன். அவ்வளவுதான். எழும்பாமல் இருந்த காரணம் பழைய பென்டிரைவில் இருந்த பழைய கர்னல், நிறுவியபின் புதுப்பித்ததும் அது சரியாகிவிட்டிருந்தது.

மாடிவீடு எழுதியது:

என் கதை இரண்டு வரி. 32 அங்குல டிவியை மானிட்டராக மாட்டினேன், ரெசல்யூஷன் 1920 என்று சரியாகவே காட்டியது, ஆனால் கீழே பட்டையும் மேலே மெனுவும் பாதி வெட்டுப்பட்டு நின்றன. லினக்ஸைக் குடைந்து குடைந்து பார்த்தேன். கடைசியில் டிவி ரிமோட்டில் படஅளவு என்ற இடத்தில் ஒரு சொடுக்கு! டிவிகள் பழைய ஒளிபரப்புப் பழக்கத்தில் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை வெட்டிவிடும், ஓவர்ஸ்கேன் என்பார்கள். அதை அணைக்கும் தேர்வுக்கு ஒவ்வொரு டிவியிலும் ஒவ்வொரு பெயர்.

அச்சுக்கூடம் எழுதியது:

டிடிபி வேலைக்காரனுக்கு இது தலைவலி இல்லை, பிழைப்பு. என்னிடம் இருப்பது பதினெட்டரை அங்குல மானிட்டர், 1366×768. ஒருகாலத்தில் பாதிக் கடைகளில் இதுதான் இருந்தது. லினக்ஸில் பட்டியலில் 1360×768 தான் வந்தது. ஆறு புள்ளிதானே என்று விட்டுவிட்டேன். மூன்று நாளில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மூன்றுசுழி ‘ண’ வர வேண்டிய இடத்தில் இரண்டுசுழி ‘ன’ போய்விட்டது. பெண்ணின் பெயரில்! மெய்ப்புப் பார்த்தது நான்தான். எல்சிடி திரையில் புள்ளிக்குப் புள்ளி பொருந்தாவிட்டால் எழுத்து மங்கும். ஆங்கிலத்துக்கு அது அவ்வளவு தெரியாது, நம் சுழிகளுக்குத் தெரியும்.

ஏன் 1360 என்று பார்த்தால், 1366 எட்டால் வகுபடாத எண். சிவிடி கணக்கு அகலத்தை எட்டின் மடங்காகத்தான் வைத்துக்கொள்ளும். சிவிடிக்கு 1366 கொடுத்துப் பாருங்கள், 1368 என்று திருப்பித் தரும். அதைப் போட்டால் இரண்டு புள்ளி வெளியே வழியும். கடைசியில் இந்த அளவுக்கென்றே உள்ள மோட்லைனைக் கையால் எழுதினேன். புள்ளிக் கடிகாரம் 85.5 மெகாஹெர்ட்ஸ், அகலத்துக்கு 1366 1436 1579 1792, உயரத்துக்கு 768 771 774 798, இரண்டு சிங்க்கும் பிளஸ். எழுத்து கத்தி மாதிரி நின்றது. பழையபெட்டி சொன்ன கேபிள் சமாசாரத்தைப் படித்தபிறகு என் கேபிளையும் பார்க்கத் தோன்றுகிறது. கடை மூடியதும் பார்க்கிறேன்.

தூக்கமில்லாதவன் எழுதியது:

எக்ஸ் என்ற பழைய திரை அமைப்புக்கான இந்த எக்ஸ்ரேண்டர் வைத்தியம், அதற்குப் பதிலாக வந்த வேலாண்டில் பலிக்காது என்பதை யாரும் சொல்லவில்லையே! எனக்கு இரண்டு கணினி, ஒரு மானிட்டர், நடுவே மாற்றும் ஸ்விட்ச் பெட்டி. பெட்டி வழியாகப் போனால் இடிஐடி வருவதும் உண்டு, வராததும் உண்டு, அதன் இஷ்டம். எக்ஸ்ரேண்டர் ஓட்டினால் ‘எக்ஸ்வேலாண்ட்0’ என்று ஏதோ பொம்மைப் பெயர் வந்தது. புது மோட் சேர்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை. அங்கே திரையை ஆள்வது எக்ஸ் இல்லை, டெஸ்க்டாப்பே நேராகக் கர்னலோடு பேசிக்கொள்கிறது. அதனால் சொல்ல வேண்டியதைக் கர்னலிடம்தான் சொல்ல வேண்டும்.

முதலில் கிரப் வரியில் வீடியோ என்று போட்டு, சமக்குறிக்குப் பின் இணைப்பின் பெயரும் 1920×1080, 60 என்பதும் கொடுத்தேன், ஓடியது. இங்கேயும் பெயரில் ஒரு வம்பு. எக்ஸ் ‘எச்டிஎம்ஐ-1’ என்று சொல்வதைக் கர்னல் ‘எச்டிஎம்ஐ-ஏ-1’ என்று சொல்லும். டிஆர்எம் கோப்புறையில் இருக்கும் பெயரைத்தான் எடுக்க வேண்டும்.

பிறகு இன்னும் ஒழுங்கான வழி தெரிந்தது. ஸ்விட்சைக் கழற்றிவிட்டு மானிட்டரை நேராக மாட்டி, அப்போது வரும் இடிஐடியை அப்படியே ஒரு கோப்பாகப் பிரதி எடுத்துக்கொண்டேன். எச்டிஎம்ஐ என்பதால் 256 பைட் இருந்தது. அதை லிப், ஃபர்ம்வேர், இடிஐடி கோப்புறையில் வைத்து, துவக்க வரியில் டிஆர்எம் இடிஐடி ஃபர்ம்வேர் என்ற தேர்வால் அதைக் காட்டிவிட்டேன். முதல் தடவை பலிக்கவில்லை, ஏனென்றால் டிரைவர் எழும்பும் அந்த ஆரம்ப நொடியில் வட்டு இன்னும் திறக்கப்படவில்லை. அந்தக் கோப்பைத் துவக்கப் பொதியான இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள்ளும் சேர்த்த பிறகுதான் கேட்டது. இப்போது ஸ்விட்ச் என்ன கூத்தடித்தாலும் கணினிக்குக் கவலையில்லை.

ஓய்வுபெற்றவன் எழுதியது:

நீங்கள் எல்லாரும் பேசும் மோட்லைன் எங்கள் காலத்துச் சோறு, தம்பிகளா. குழல் மானிட்டர் நாளில் அமைப்புக் கோப்பில் கிடைசிங்க் எத்தனை கிலோஹெர்ட்ஸ், செங்குத்து எத்தனை ஹெர்ட்ஸ் என்று மானிட்டர் கையேட்டைப் பார்த்து எழுத வேண்டும். கையேடு தொலைந்துபோயிருக்கும். குத்துமதிப்பாக எழுதிவிட்டு எக்ஸைக் கிளப்பினால் குழல் ‘கீ’ என்று கத்தும். தப்பான எண் கொடுத்தால் மானிட்டர் கெட்டுப்போகும் என்று ஆவணத்திலேயே எச்சரிக்கை இருந்ததால், விரலை எப்போதும் கன்ட்ரோல், ஆல்ட், பேக்ஸ்பேஸ் மேலேயே வைத்திருப்போம், அது எக்ஸைக் கொன்றுவிடும். கன்ட்ரோல், ஆல்ட்டோடு எண்பலகைப் பிளஸை அழுத்தினால் அடுத்த ரெசல்யூஷனுக்குத் தாவும். அதில் ஒரு தனி ருசி இருந்தது, மறுக்க மாட்டேன்.

2007-இல் எக்ஸ்ரேண்டருக்கு அடிப்படையான ராண்டர் 1.2 வந்ததும், 2009-இல் 2.6.29 கர்னலில் இன்டெல்லுக்குத் திரை அமைக்கும் வேலை கர்னலுக்கே போனதும் அந்தக் கோப்பு மெல்ல மறைந்தது. இப்போது கணக்கு போடுவது எப்படி என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு கணக்கு சொல்கிறேன். டிவி, மானிட்டர் எல்லாம் பழகிய 1080-க்கு, கண்ணுக்குத் தெரியாத ஓரங்களையும் சேர்த்து 2200 புள்ளி அகலம், 1125 வரி உயரம். 60-ஆல் பெருக்கிப் பாருங்கள், நொடிக்கு 148.5 மெகா புள்ளி. பழையபெட்டி போட்டது 173. அதனால்தான் உங்கள் படம் வலது பக்கம் ஒதுங்கியது. மானிட்டர் எதிர்பார்த்த ஓரம் ஒன்று, நீங்கள் கொடுத்த ஓரம் வேறு.

பழையபெட்டி எழுதியது:

ஐயா, உங்கள் கணக்கு என் இன்னொரு மர்மத்தையும் அவிழ்த்துவிட்டது. புதுக் கேபிள் வாங்கி மாட்டினேன், இடிஐடி 128 பைட் வந்தது, பட்டியலில் 1920 தானாக வந்தது. ஆனாலும் எழுத்து லேசாக ஈரம் பட்ட மாதிரியே இருந்தது. எக்ஸ்புரொஃபைலில் எழுதிய அந்த மூன்று வரிகளை எடுக்காமல் விட்டிருக்கிறேன்! மானிட்டர் தன் வாயால் சரியானதைச் சொன்ன பிறகும், உள்ளே நுழைந்தவுடன் பழைய 173-ஐத் திணித்துக்கொண்டிருந்தது என் கோப்பு. அழித்தேன். சிமிட்டலும் போயிற்று, ஈரமும் போயிற்று.

அச்சுக்கூடம், உங்கள் கேபிளில் 12-ம் 15-ம் இருக்கிறதா என்று மறக்காமல் எழுதுங்கள். என் பழைய கேபிளை அம்மா அவரைப் பந்தலில் மூங்கிலைக் கட்ட எடுத்துப் போய்விட்டார், இறுக்கமாகப் பிடிக்கிறதாம்.